கண்ணாடிப் பெட்டிக்குரிய கியூவோடு சனிக்கிழமை ஆட்டம்

விலைமதிப்புள்ள ஒரு பூல் கியூவை, அதாவது மேசையில் பந்துகளை அடித்துக் குழியில் வீழ்த்தும் கோலை, நண்பர்கள் கூடி ஆடும் சாதாரணப் போட்டிகளுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். சேகரிப்பாளர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்பார். ஆட்டக்காரர், அடிப்பதற்காகச் செய்த பொருளை அடிக்காமல் வேறு என்ன செய்வது என்பார். இரண்டு பேரும் கியூவை ஒற்றைப் பொருளாகவே எண்ணிக்கொண்டு பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பட்ட குறை. கியூ நடுவில் கழற்றி மாட்டும் இரண்டு பாதிகளால் ஆனது; அவ்விரண்டும் தேயும் விதமும் வேறு, அவற்றின் விலை நிற்கும் இடமும் வேறு. ஆகவே என் பதில் இப்படி அமைகிறது: கைப்பிடியுள்ள அடிப்பாதியைக் கொண்டுபோகலாம், கியூவோடு பிறந்த முன்பாதியை வீட்டில் விடவேண்டும், அந்தக் கியூவால் ஒருபோதும் பிரேக், அதாவது அடுக்கிவைத்த பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி, அடிக்கக் கூடாது. மட்டக்களப்பு போன்ற உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த ஊரில் இதோடு இன்னும் சில கட்டுப்பாடுகள் சேரும். அவற்றையும் சேர்த்து விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னிடமுள்ள கியூ என் சம்பாத்தியத்தில் வந்ததன்று. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த என் சித்தப்பா, அங்கே வார நாட்களில் லீக் ஆட்டம் ஆடியவர். அமெரிக்காவில் தனி ஒருவர் தன் பட்டறையில் செய்த கியூ ஒன்றை அவர் இரண்டாம் கையாக வாங்கி, தோள் வலி வந்து ஆட்டத்தை நிறுத்திய பிறகு எனக்குக் கொடுத்தார். கைப்பிடிக்கு மேலுள்ள பகுதி பறவைக்கண் மேப்பிள், அதாவது சிறு சிறு கண்கள் சிதறியது போன்ற ரேகையுள்ள மேப்பிள் மரம். அதில் கூர்முனை வடிவில் பதித்த நான்கு கருங்காலிக் கூர்கள் ஏறி, ஒவ்வொன்றையும் சுற்றி நிறமூட்டிய மெல்லிய மரத்தகடுகள் அடுக்காக ஓடுகின்றன. அந்தத் தகடுகள் சந்திக்கும் நுனியைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால், நான்கு நிறங்களும் ஊசி முனையில் முடிவதையும், நான்கு கூர்களும் ஒரே உயரத்தில் நிற்பதையும் காணலாம். ஒரு கூர் மற்றதைவிட அரைக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தாலும் சேகரிப்பாளர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். இன்றைய சந்தையில் அதன் பெறுமதி இங்கே ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்கு நிகராகும். அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை. விலையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் ஆட்டம் நடப்பது கல்லடிப் பக்கத்து விருந்தினர் விடுதியொன்றின் பின் விறாந்தையில். வட அமெரிக்காவில் மதுச்சாலைகளை மையமாகக் கொண்டு லீக் நடத்துவது பெரிய ஏற்பாடு. 1979இல் தொடங்கிய அமெரிக்க பூல் ஆட்டக்காரர் சங்கம், ஆட்டக்காரரின் திறமையை எண்ணால் மதிப்பிட்டு, வலியவனும் எளியவனும் ஒரே மேசையில் மோதும்படி சலுகை கொடுத்து ஆடவைக்கிறது. அங்கே அதற்கென்றே ஏழடி நீளமுள்ள, நாணயம் போட்டு இயக்கும் மேசைகள் உண்டு. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வங்கி உத்தியோகத்தர் ஒருவர், ஓட்டல் சமையற்காரர் ஒருவர், கராச் நடத்தும் இருவர், காத்தான்குடியிலிருந்து வரும் கணித ஆசிரியர் ஒருவர், இன்னும் வருவோரும் போவோருமாகச் சிலர் சனிக்கிழமை மாலையில் கூடி, இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, எட்டாம் எண் பந்தைக் கடைசியாக வீழ்த்தும் எட்டாம் பந்து ஆட்டம் ஆடுகிறோம். தோற்ற சோடி கொத்து ரொட்டிக்குக் காசு கொடுக்கும். சிலர் பியர் குடிப்பார்கள், சிலர் நெல்லி கிரஷ். புள்ளிப் பட்டியல் ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதில் யார் முன்னிலை என்பது பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு.

இத்தகைய மேசைக்கு அத்தகைய கியூவா என்று கேட்பவர்கள், விலையேறிய கியூக்களின் பிறப்பைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பெயர் ஜோர்ஜ் பலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்து, சிறுவயதில் நியூயோர்க்குக்கு வந்து, மரவேலை செய்து வாழ்ந்தவர். 1959இல் நண்பர்களுக்குக் கிறிஸ்மஸ் பரிசாகச் சில கியூக்களைச் செய்துகொடுத்ததிலிருந்து அவருடைய கதை தொடங்குகிறது. 1975இல் அவர் இறக்கும்போது செய்திருந்தவை ஆயிரத்துச் சொச்சம் என்று கணிக்கப்படுகின்றன. அவருடைய ஆரம்பகாலக் கியூக்களுக்கு மூலப்பொருள் எது தெரியுமா? பிரன்ஸ்விக் நிறுவனம் பூல் மண்டபங்களின் சுவர்ச் சட்டங்களில் வைப்பதற்காகச் செய்து விற்ற டைட்லிஸ்ட் என்னும் ஒற்றைத் துண்டுக் கியூ. வந்தவன் போனவன் எல்லாம் எடுத்து ஆடும் அந்தக் கியூவை இரண்டாக அறுத்து, கடைந்து, இணைப்புப் பூட்டி, நூல் சுற்றி அவர் புதிதாக்கினார். அவருக்கு முன்பே சிக்காகோவில் ஹெர்மன் ரம்பாவ் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். வாங்கியவர்கள் இரவு முழுவதும் காசுக்கு ஆடியவர்கள். கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்க வாங்கியவர்கள் அல்லர். ஆகவே இந்தப் பொருளை மேசைக்குக் கொண்டுபோவது அதற்கு இழைக்கும் அவமரியாதை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சேதம் ஏற்படுமா என்பது வேறு கேள்வி. அதுதான் உண்மையான கேள்வியும்கூட.

சேதத்தைப் பற்றிப் பேசும்போது, கியூவின் எந்தப் பகுதி எதனால் மதிப்பிழக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கியூ பொதுவாக 58 அங்குல நீளமும் 18 முதல் 21 அவுன்ஸ் வரையான எடையும் கொண்டது. ஷாஃப்ட் என்னும் முன்பாதி, பூச்சு ஏதும் கனமாக இல்லாத மேப்பிள் மரம். அதன் நுனியில் பெரூல் என்னும் வெள்ளைக் குப்பி, குப்பியின் தலையில் தோலால் ஆன டிப். நுனியின் விட்டம் 13 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஆடும்போது இடதுகை விரல்களுக்கிடையே ஓயாமல் சறுக்குவது இந்தப் பகுதிதான். வியர்வையும், டிப் வழுக்காதிருக்கப் பூசும் சோக்கின் தூசும் ஒட்டி அது பிசுபிசுக்கும். பிசுபிசுத்தால் ஆட்டக்காரன் அரத்தாளைத் தேடுவான். அரத்தாள் போட்டால் வழுவழுப்பு வரும், விட்டமும் குறையும். ஒவ்வொரு முறையும் குறைவது கண்ணுக்குத் தெரியாது. சில வருடங்களில் பன்னிரண்டரைக்கு வந்துவிடும். அதன்பின் டிப் மாற்றும்போது குப்பியையும் சேர்த்துச் சீவுவார்கள். போன மரத்தைத் திருப்பி ஒட்ட எந்த ஆசாரியாலும் முடியாது. பழைய கியூ ஒன்றை வாங்க வருபவர் முதலில் கேட்பதும் இதைத்தான்: முன்பாதிகள் மூலமானவையா, எத்தனை உண்டு, விட்டம் எவ்வளவு?

அடிப்பாதியோ பூச்சுக்குள் இருக்கிறது. கைப்பிடியில் சுற்றிய ஐரிஷ் லினன் நூல் வியர்வையால் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் நூலைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றலாம், நல்ல கைவினைஞர் சுற்றினால் மதிப்பில் பெரிய பள்ளம் விழாது. ஒழுங்காகப் பிடித்து ஒழுங்காக அடித்தால், கூர்களும் தகடுகளும் நிறைந்த அந்தப் பகுதி ஆட்டத்தால் தேய்வதே இல்லை. அதைக் கெடுப்பவை ஆட்டத்துக்கு இடையிலான நேரங்கள்: மேசையின் விளிம்பில் சாய்த்துவைத்தபோது உருண்டு விழுவது, பந்து தவறிய ஆத்திரத்தில் அடியைச் சீமெந்துத் தரையில் குத்துவது, பூச்சு மங்கிவிட்டதென்று யாரிடமாவது கொடுத்து மெருகேற்றச் சொல்வது. கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கொடியது. பழைய பூச்சைச் சுரண்டும்போது வெனியர்த் தகடுகளின் நிறமும் கூர்களின் நுனியும் சேர்ந்தே போகும்.

சித்தப்பா இந்தக் கணக்கை அறிந்தவர். கியூவைக் கொடுக்கும்போது, அதோடு வந்த மூல முன்பாதி ஒன்றையும், இணைப்பு ஆணியின் அதே புரிக்குப் பொருந்தும்படி கனடாவில் செய்வித்த மேப்பிள் முன்பாதி ஒன்றையும் தந்தார். "மகன், ரெண்டு ஷாஃப்ட் தந்திருக்கன். புதிசால எவ்வளவும் அடி. மற்றதத் தொடாத," என்றார். அவ்வளவுதான் அவருடைய உபதேசம். புரி பொருந்துவதென்பது சின்ன விடயமன்று. இணைப்பு ஆணிகளில் வகைகள் பல. என்னுடையது 5/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரிகளும் உள்ள, துருப்பிடிக்காத உருக்கு வளையத்தோடு கூடிய பழைய வகை. ஆணி பொருந்தினாலும் வளையத்தின் வாய் பொருந்தாவிட்டால் இரண்டு பாதிகளும் ஒரே நேர்கோட்டில் அமர மாட்டா. அடிக்கும்போது கையில் ஒரு அதிர்வு வரும், இணைப்பும் காலப்போக்கில் தளரும். விலையுள்ள கியூவால் ஆட விரும்புகிறவர் முதற்செலவாக இப்படியொரு மாற்று முன்பாதியைச் செய்வித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வசதியில்லாவிட்டால் அந்தக் கியூவை ஆட்டத்துக்கு எடுக்க வேண்டாம் என்பேன். அதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை.

பிரேக் விடயத்தில் நான் இன்னும் கண்டிப்பானவன். பூல் பந்து ஒன்று ஐந்தரை முதல் ஆறு அவுன்ஸ் எடை. முக்கோணமாக இறுக்கிவைத்த பதினைந்து பந்துகள்மேல் வெள்ளைப் பந்தை முழுப் பலத்தோடு அனுப்பும்போது, அந்த அதிர்ச்சி முழுவதையும் முதலில் வாங்குவது டிப்பும் அதன் கீழுள்ள குப்பியும். டிப் காளானாக விரியும், குப்பியில் மயிரிழை வெடிப்பு விழும், சில வேளைகளில் முன்பாதியே வளைந்து மேசையில் அடிபடும். மேலும் பலமாக அடிக்கும் எவரும் கியூவை முடிவில் எங்கே கொண்டுபோகிறார் என்பதைப் பார்ப்பதில்லை. எங்கள் விறாந்தையில் மேசை சுவர் அருகே இருப்பதால், பின்னிழுக்கும் அடிப்பாதி தூணில் மோதவும் வாய்ப்புண்டு. விடுதியின் சுவரில் சாய்ந்திருக்கும் கோணல் கியூக்களில் ஒன்று போதும் பிரேக் அடிக்க. பந்துகள் சிதறுவதற்குக் கருங்காலிக் கூர் தேவையில்லை.

இனிக் காலநிலை. வட அமெரிக்காவில் இருந்துகொண்டு கியூப் பராமரிப்புப் பற்றி அறிவுரை சொல்பவர்கள், குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் வறட்சியையும் வாகனத்தில் விட்டுவந்த கியூவையும் பற்றிப் பேசுவார்கள். எங்கள் பிரச்சினை வேறு திசையிலிருந்து வருகிறது. மரம் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை உறிஞ்சும், விடும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக உள்ள அறையில் நெடுநாள் கிடந்த மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 6 சதவீத நீரைக் கொண்டிருக்கும்; 80 சதவீதமுள்ள இடத்தில் அது 16 சதவீதத்தை எட்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது எண்ணைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. அலுமாரிக்குள் இருக்கும் தோல் சப்பாத்தே பூத்துப்போகும். நீரேறிய மரம் நீளவாட்டில் அநேகமாக மாறாது, குறுக்குவாட்டில் பருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பருத்தால் தீங்கில்லை. ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால், அல்லது ரேகை சற்றுக் கோணலாக ஓடினால், அப்போதுதான் வளைவு பிறக்கும்.

என் கியூவில் மாரி காலத்தில் நான் உணரும் ஒன்றைச் சொல்கிறேன். இணைப்புக்கு அருகே மரமும் உருக்கு வளையமும் சந்திக்கும் இடத்தில், கோடையில் நகத்தை ஓட்டினால் ஒன்றும் தட்டுப்படாது. அடைமழை தொடங்கிச் சில வாரங்களில் அதே இடத்தில் நகம் மெல்லத் தடுக்கும். உருக்கு அப்படியே நிற்க, மரம் மயிரிழை அளவு பருத்து அதற்கு வெளியே எழுந்திருக்கும். பங்குனி வெயிலில் அது தானாகவே அமிழ்ந்துவிடும். இதைப் பார்த்துப் பதறி, எழுந்த மரத்தை அரத்தாளால் சமப்படுத்துகிறவர், கோடையில் அதே இடத்தில் பள்ளத்தைத்தான் காண்பார்.

ஆனி, ஆடியில் வரும் கச்சான் காற்று இதற்கு நேர் எதிர். மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து இறங்கிவரும் அந்த வறண்ட வெக்கைக் காற்றில் கதவுகளின் சந்துகள்கூட அகலும். கருங்காலி அடர்த்தி மிகுந்த மரம், ஈரத்தை மெதுவாகவே வாங்கும், மெதுவாகவே விடும். விரைவாக விடச்செய்தால் வெடிக்கும் குணமுள்ளது. ஆகவே பெட்டியை மாரியில் மாத்திரம் பாதுகாத்துவிட்டுக் கச்சானில் யன்னலோரம் வைப்பது பாதி வேலை. நான் கியூவைக் கடினமான பெட்டியில் இட்டு, வீட்டின் நடுஅறையில், வெளிச்சுவர் எதையும் தொடாத அலுமாரியின் தட்டில் படுக்கையாக வைக்கிறேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலத்தில் மட்டும் போட்டு, மாசி முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். வருடம் முழுவதும் போட்டுவைத்தால் அதுவே கச்சான் காற்றின் வேலையைச் செய்யும். சுவரில் சாய்த்துவைப்பது எந்தக் காலத்திலும் ஆகாது. விடுதிகளிலுள்ள கியூக்கள் வில்லாக வளைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வளைவைச் சோதிக்கும் முறையிலும் ஒரு பிழையான வழக்கம் உண்டு. கியூவை முழுதாகப் பூட்டி மேசையில் உருட்டிப் பார்த்து, நுனி துள்ளினால் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். மேசையே சமமில்லாத இடத்தில் அந்தச் சோதனைக்கு என்ன பெறுமதி? பாதிகளைத் தனித்தனியே, தரமான கண்ணாடித் தட்டில் உருட்ட வேண்டும். தனித்தனியே நேராக இருந்து சேர்ந்தால் மட்டும் துள்ளினால், குற்றம் மரத்திலன்று, இணைப்பில். பெரும்பாலும் வளையத்தின் வாயில் தூசோ பழைய மெழுகோ இருக்கும், துடைத்தால் சரியாகிவிடும்.

எங்கள் மேசையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். துணி வெளிறிப்போனது, கடற்கரையிலிருந்து வருபவர்களின் கைகால்களில் ஒட்டிய மணல் துணியின் இழைகளுக்குள் குடியிருக்கிறது, வலப்பக்க நீள விளிம்பு மெத்தையின் றப்பர் உயிரிழந்து பந்தை அரைமனதோடு திருப்பி அனுப்புகிறது. இதனால் கியூவுக்குக் கெடுதியா என்றால், மணல் மட்டும்தான் கெடுதி. கியூவைத் தாங்கிப் பாலமிடும் கையில் ஒரு மணல் துகள் இருந்தால் அது முன்பாதியில் நீளக் கோடு கிழிக்கும். ஆகவே ஒரு சிறு துவாயை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துவிட்டு அடிக்கிறேன். ஈரத்துணி முன்பாதியில் படக் கூடாது. ஈரம் பட்டால் ரேகை மயிர்போல் எழும்பி, மறுபடி அரத்தாளைத் தேடும் ஆசை வரும். உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு ஒரு தோல் துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு, சூடு தெரியும்வரை மேலும் கீழும் விரைந்து உரசினால் போதும். அமெரிக்காவில் இதற்கு டொலர்த் தாளைப் பயன்படுத்துவார்களாம். எங்கள் இருபது ரூபாய்த் தாள் அந்த உரசலைத் தாங்குமா என்று சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

கரம் போர்டிலிருந்து பூலுக்கு வந்தவர்கள் ஒரு வழக்கத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்: பவுடர். விரல் வழுக்குவதற்காகக் கைநிறையப் பூசிக்கொண்டு மேசைக்கு வந்தால், துணியெங்கும் வெள்ளைக் கைரேகை. அந்தப் பவுடர் வியர்வையோடும் நீலச் சோக்கோடும் கலந்தால் உண்டாகும் பசை, மேப்பிள் மரத்தின் துளைகளுக்குள் இறங்கி, முன்பாதியின் நுனியை நிரந்தரமாகச் சாம்பல் நீலமாக்கிவிடும். சோக்கு என்று நாம் சொல்வது பள்ளிக்கூடத்து வெண்கட்டியன்று. வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹொஸ்கின்ஸ் என்ற இருவர் 1897இல் காப்புரிமை பெற்ற கலவையிலிருந்து வந்தது. சிலிக்காவும், அலுமினிய ஒக்சைட்டும், நிறப்பொடியும் சேர்ந்தது. உராய்வை உண்டாக்குவதற்கென்றே செய்த பொருள் அது. ஆகையால் சோக்குத் தூசு படிந்த முன்பாதியைத் துடைக்காமல் பெட்டியில் வைப்பது, அதை மெல்லிய அரத்தாளோடு சுற்றி வைப்பதற்குச் சமம்.

மனிதர்கள் பற்றிய பகுதிதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மரத்துக்கு வேண்டிய ஒழுங்கை நாமே வகுத்துக்கொள்ளலாம். கூட ஆடுகிறவர்களுக்கு வகுக்க முடியாது. நல்ல பொருளொன்றைக் கண்டால் கையில் வாங்கிப் பார்ப்பது எங்கள் ஊரின் இயல்பு. வாங்கிப் பார்க்கக் கொடுக்காதவனுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதும் ஊர் அறிந்தது. கியூவை முதன்முதலாகக் கொண்டுபோன மாலையிலேயே கராச்காரர்களில் இளையவர் வந்து நின்றார். "அண்ணன், ஒரு அடி அடிச்சுப் பாக்கட்டா?" என்றார். "அடி தம்பி. பிரேக் மட்டும் வேணாம், நிலத்தில குத்தவும் வேணாம்," என்றேன். அவர் அடித்த பந்து குழிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் கியூவைத் திருப்பித் தந்தபோது, இரு கைகளாலும் ஏந்தித் தந்தார். அந்த இரண்டு நிபந்தனைகளும் இப்போது எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டமாகிவிட்டன. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லுமுன்பே மற்றவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இப்படி நடந்ததற்குக் காரணம், விலையை நான் சொல்லாததுதான் என்று நம்புகிறேன். எவ்வளவு என்று கேட்பவர்களிடம் சித்தப்பா தந்தது என்று மட்டும் சொல்கிறேன், அது பொய்யுமன்று. விலை தெரிந்தால் ஒரு பகுதியினர் தொடவே அஞ்சுவார்கள், இன்னொரு பகுதியினர் என்னைத் தோற்கடிப்பதை விடக் கியூவைத் தோற்கடிப்பதில் கண்ணாயிருப்பார்கள், நானும் ஒவ்வொரு கையசைவையும் பார்த்துக்கொண்டே ஆடுவேன். ஆட்டம் ஆட்டமாக இராது. ஓட்டல் சமையற்காரர் ஒருநாள் கூர்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்மட கருங்காலியல்லோ," என்றார். அமெரிக்கக் கியூக்களில் ஆபிரிக்கக் கருங்காலியும் பெருமளவில் பயன்பட்டிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இலங்கைக் கருங்காலி ஐரோப்பியர் காலத்தில் தளபாடங்களாகவும் மரக்குற்றிகளாகவும் கப்பலேறியது. கிழக்கின் உலர்காடுகளில் முதிரையோடும் பாலையோடும் வளரும் அந்த மரத்தை இன்று அனுமதியின்றி வெட்ட முடியாது. அந்தக் காடுகளில் விறகுக்குப் போன தகப்பனைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். ஆட்டம் சற்று நேரம் நின்றது, யாரும் குறைசொல்லவில்லை.

நல்ல கியூ ஆட்டத்தை உயர்த்துமா என்றும் கேட்கிறார்கள். ஓரளவுக்கு மேல் உயர்த்தாது. ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு முறை உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றது, சிறுவயதில் கிடைத்த மலிவான கியூவால்; 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனபோது உலகமே செய்தியாகப் பேசியது. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்று இலங்கைக்குப் பெருமை சேர்த்த எம். ஜே. எம். லாபிரும் கருவியின் விலைக்காக நினைவுகூரப்படுபவர் அல்லர். ஒரே கியூவால் தொடர்ந்து ஆடுவது கைக்கு ஒரு நிதானத்தைத் தரும் என்பது மெய். விடுதிக் கியூக்களில் டிப் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இராது; அவற்றோடு ஒப்பிட்டால் என்னுடையது எனக்கு நியாயமற்ற சாதகம்தான். ஆனால் அதே சாதகத்தை ஒழுங்காக டிப் ஒட்டிய சாதாரணக் கியூவும் தரும். கூர்களின் அழகு பந்துக்குத் தெரியாது. நான் அந்தக் கியூவைக் கொண்டுபோவது அதன் அழகு எனக்குப் பிடித்திருப்பதால் மட்டுமே.

எல்லாக் கியூவுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்று நான் வாதிட மாட்டேன். செய்தவர் மறைந்துவிட்டார், இனி அப்படியொன்று பிறக்காது, விலையோ காணித்துண்டு ஒன்றின் விலை என்ற நிலையிலுள்ள பலபுஷ்கா, சம்போட்டி போன்றோர் செய்த கியூக்களைச் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கொண்டுபோவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆட்டத்தால் அவை கெட்டுவிடும் என்பதைவிட, களவுபோனால் ஈடுசெய்ய முடியாது என்பதே என் காரணம். கழற்றி மடித்தால் முப்பது அங்குலத்துக்குள் அடங்கும் பொருள், ஒருவன் கை கழுவப் போய் வருவதற்குள் மறைந்துவிடும். ஆகையால் என்னுடையதையும், என் முறை இல்லாதபோது நான் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். சாய்த்துவைத்துவிட்டுக் கதைபேசப் போவதில்லை.

யானைத்தந்தம் உள்ள கியூ என்றால் கதையே வேறு. பழைய கியூக்களில் குப்பியும் இணைப்பு வளையமும் பதிப்பு வேலைகளும் தந்தத்தால் செய்யப்பட்டவை ஏராளம். ஆபிரிக்க யானை 1989இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கண்டிப்பான முதலாம் பட்டியலுக்கு மாற்றப்பட்ட பிறகு, அத்தகைய கியூவோடு நாட்டு எல்லையைக் கடப்பதற்கு அனுமதிப் பத்திரங்கள் வேண்டும்; அவை இல்லாமல் வந்தால் சுங்கத்தில் பறிபோகும். 2016 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில், கைப்பற்றிய தந்தங்களை அரசு பொது மக்கள் முன்னிலையில் நொறுக்கியது பலருக்கு நினைவிருக்கும். பிரேசில் ரோஸ்வூட் மரத்துக்கும் 1992 முதல் அதே முதலாம் பட்டியல்தான். வெளிநாட்டு உறவினர் பழைய கியூ ஒன்றைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னால், எவ்வளவு பெறுமதி என்று கேட்கும் முன் எதனால் செய்தது என்று கேளுங்கள். என்னுடையதில் குப்பி செயற்கைப் பொருள், வளையம் உருக்கு. சித்தப்பா வாங்கும்போதே அதைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

கார்பன் ஃபைபர் முன்பாதி ஒன்று வாங்கினால் ஈரக் கவலையே இல்லையே என்று கணித ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது சரி. அது வளையாது, நீல நிறம் பிடிக்காது, துடைத்தால் புதிது. ஆனால் கருத்த குழாய் ஒன்றைப் பறவைக்கண் மேப்பிளின் தலையில் பூட்டிப் பார்க்க என் கண் சம்மதிக்கவில்லை. அடிக்கும்போது எழும் ஓசையும் வேறு. என் மாற்று முன்பாதி இப்போது 12.8 மில்லிமீற்றரில் நிற்கிறது. அது பன்னிரண்டரையைத் தொடும்போது சித்தப்பாவிடம் சொல்லி அதே புரியில் இன்னொரு மேப்பிள் செய்விக்க வேண்டும். அடுத்த ஆவணியில் அவருடைய மகள் ஊருக்கு வருகிறாள். அதற்குள் அளவுகளை எழுதி அனுப்பிவிட்டால் அவளுடைய பெட்டியிலேயே வந்துவிடும்.